மிளகாய்த் தோட்டத்துப் பிள்ளைகள்

“நல்லதுதான் செய்கிறேன் சாமி. ஆனாலும் கண்ணை மூடி உட்கார்ந்தால் மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை” என்றார் அம்பலவாணன்.

அவர் மிளகாய் விவசாயி. எதிரே இருந்த அடிகள் வயதில் அவருக்கு இளையவர்.

“என்ன நல்லது செய்கிறீர்கள்?”

“அகதி முகாமிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் வேலை கொடுக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளும் வருகிறார்கள். பேதம் பார்ப்பதில்லை.”

அடிகள் எழுந்தார்.

“போய்ப் பார்ப்போம்.”

தோட்டத்தில் மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பிள்ளைகள். செடிகளுக்கு மேலே தலைகள் மட்டும் தெரிந்தன. காற்று அடித்தது. அம்பலவாணன் கண்ணில் தூசி விழுந்தது.

பக்கத்துச் செடி வரிசையில் ஒரு முகாம் பிள்ளை நின்றாள்.

“ஏ பிள்ளை, இங்க வா. கண்ணுல தூசி. எடுத்துவிடு.”

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“தொடமாட்டன் ஐயா. எரியும்.”

“கழுவிட்டு வாயேன்.”

“கழுவினாலும் போகாது.”

அவளோடு பறித்துக்கொண்டிருந்த ஊர்ப்பிள்ளை முத்துப்பேச்சி சொன்னாள்: “மோர்ல முக்கி வச்சாத்தான் கொஞ்சம் அடங்கும். அவ வீட்டுல மோர் ஏது? எங்க வீட்டுக்கு வருவா. ஒரே சட்டியில நாலு கையையும் முக்கிக்கிட்டு இருப்போம்.”

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அம்பலவாணன் கண்ணைக் கசக்கவும் மறந்து நின்றார்.

அடிகள் முகாம் பிள்ளையிடம் கேட்டார்: “வீட்டில் சின்னக் குழந்தை உண்டா தாயி?”

“தம்பி இருக்கிறான். ஆனா நான் தூக்கிறேல்லை. ஒருநாள் அவன்ர முகத்தைத் தொட்டிட்டன். விடிய விடிய அழுதவன்.”

“அம்மா எங்கே வேலை செய்கிறாள்?”

“அம்மாவுக்கு வேலை இல்லை. வீட்டிலதான் இருக்கிறா.”

“எங்க ஆத்தாவும் சும்மாதான் இருக்கு” என்றாள் முத்துப்பேச்சி.

அடிகள் திரும்பி அம்பலவாணனைப் பார்த்தார்.

“பெரியவங்க முழுக் கூலி கேக்கிறாங்க சாமி...”

சொல்லி முடிக்கும்போதே அந்தச் சொல் அவர் காதிலும் விழுந்தது. இத்தனை நாள் பேதம் பார்க்காமல் அவர் செய்தது என்ன என்பது அந்தச் செடிகளுக்கு நடுவே வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

“போதும், கூடையைக் கீழ வைங்க” என்றார் பிள்ளைகளிடம். பிள்ளைகள் பயந்தார்கள். ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

“நான் என்ன செய்யணும் சாமி?”

“முகாம் எந்தப் பக்கம்?” என்றார் அடிகள்.

அம்பலவாணன் அந்த முகாம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அடிகள் பின்னால் வந்தார்.

தகரக் கூரை வீட்டு வாசலில் அவளுடைய தாய் சிவமலர் நின்றாள். இடுப்பில் குழந்தை. வேலை நேரத்தில் மகள் வருவதைக் கண்டு அவள் முகம் வெளிறியது.

“என்ன பிழை விட்டவள் ஐயா?”

“ஒண்ணும் இல்லம்மா. நாளையிலிருந்து நீ வேலைக்கு வா. பெரியவங்களுக்கு உள்ள முழுக் கூலி. முத்துப்பேச்சியோட ஆத்தாவையும் கூப்பிடப்போறேன். பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகட்டும்.”

சிவமலர் அவரையே பார்த்தாள்.

“நான் முதல்ல எனக்குத்தான் வேலை கேட்டு வந்தனான், ஐயா. நீங்கள் என்ர முகத்தைப் பார்க்கேல்லை. பிள்ளையின்ர கையைப் பிடிச்சுப் பார்த்தனீங்கள். சின்ன விரல், செடி ஒடியாது எண்டு சொன்னனீங்கள்.”

அதுவரை அவருக்கு அது நினைவில் இருந்ததில்லை. இப்போது நினைவு வந்தது.

“நான் வாறன்” என்றாள் சிவமலர். “ஆனா இனி வேலைக்குக் கூப்பிடமாட்டன் எண்டு அவளுக்கு நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னா நம்பமாட்டாள்.”

அம்பலவாணன் அந்தப் பிள்ளையின் முன் குனிந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தார்.

பெயர் தெரியவில்லை.