ஏழா, பன்னிரண்டா

"ஏழா, பன்னிரண்டா?" என்று கேட்டார் அறவாழி, வாசலில் நின்றபடியே.

"முதல்ல செருப்பைக் கழட்டுங்க சார்," என்றார் டீச்சர்.

கழற்றினார்.

அறவாழிக்கு நாற்பத்தாறு வயது. வீடியோ கேம் செய்கிறவர். டீச்சருக்கு அவரைவிட ஒன்பது வயது குறைவு. பெயர் பெனிட்டா. ஒரு காலத்தில் நாகர்கோவிலில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர், அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது பெரம்பூரில் ஒரு மாடியறை. பாதியில் நிற்கிற விளையாட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் படியேறி வருவார்கள். டீச்சர் விளையாடிப் பார்த்து ஒன்றோ இரண்டோ வார்த்தை சொல்வார். சில நாள் அதுவும் இல்லை.

அறையில் இரண்டே இருக்கைகள். கணினிக்கு முன்னால் ஒரு நாற்காலி, அது விளையாடுகிறவருக்கு. அதற்குப் பின்னால் ஒரு முக்காலி, அது விளையாட்டைச் செய்தவருக்கு.

முக்காலியில் இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. "அங்க இடது பக்கம் போங்க" என்று சொல்லிவிட்டால் போதும், டீச்சர் எழுந்து போய்க் காபி போட ஆரம்பித்துவிடுவார். அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது. பெரிய பெரிய கம்பெனிக்காரர்களே அந்தக் காபியைக் குடித்துவிட்டு அசடு வழியத் திரும்பியிருக்கிறார்கள்.

"என்ன ஏழு, என்ன பன்னிரண்டு?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஃபார்ம் அனுப்பணும் டீச்சர். எந்த வயசுக்கான விளையாட்டுன்னு முடிவு பண்ற ஃபார்ம். முப்பத்தோரு கேள்வி. ரத்தம் உண்டா, இல்ல. துப்பாக்கி உண்டா, இல்ல. கெட்ட வார்த்தை, குடி, சூதாட்டம், ஒண்ணும் இல்ல. கடகடன்னு டிக் அடிச்சுக்கிட்டே வந்தேன். இருபத்திநாலாவதுல மாட்டிக்கிட்டேன்."

"அது என்ன?"

"குழந்தையின் மரணம் காட்டப்படுகிறதா."

டீச்சர் படிவத்தை வாங்கிப் பார்த்து மேசையில் வைத்தார்.

"ஆமான்னு போட்டா பன்னிரண்டு வயசுக்கு மேல. இல்லன்னு போட்டா ஏழு வயசுல இருந்தே. விளையாட்டை வெளியிடற கம்பெனி ஏழுதான் வேணும்ங்குது. லீவு விட்டா பொடிசுங்கதான் விளையாடுமாம். அது வர்ற ஆறாவது கட்டத்தைத் தூக்கிட்டா வேலை முடிஞ்சுதுங்கறாங்க. எங்க ஆபீஸ் பசங்களும் அதையேதான் சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"தூக்கவும் மனசு வரல. பன்னிரண்டு போடவும் மனசு வரல."

"யாருக்காகச் செஞ்சீங்க இதை?"

அதுவும் படிவத்தில் இருந்த கேள்விதான், முதலாவது. அதற்கு எழுதிய பதிலை அறவாழி அப்படியே ஒப்பித்தார். "எல்லாருக்கும் டீச்சர். ஆறு வயசுல இருந்து அறுபது வரைக்கும்."

"கல்யாணப் பந்தியா சார்?"

அறவாழிக்கு முகம் சிவந்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியைக் காட்டினார். அறவாழி தான் கொண்டுவந்த கீபோர்டைக் கணினியில் செருகிவிட்டு அதில் உட்கார்ந்தார்.

விளையாட்டு தொடங்கியது.

பாளையங்கோட்டை. தொண்ணூறாம் வருஷத்துச் சாயங்காலம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் கடை, வாசலில் நீலத் திரைச்சீலை. உள்ளேயிருந்து ஒரு பையன் வருகிறான். அவனுக்காக வெளியே நின்றிருந்த குட்டித் தம்பி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறான். இருவரும் வீட்டுக்கு நடக்கிறார்கள்.

"யண்ணே, இன்னிக்கு எத்தனாவது ஸ்டேஜ்?"

அண்ணன் சொல்லத் தொடங்குகிறான். அவன் என்ன சொல்ல வேண்டும் என்பதை விளையாடுகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும். கோட்டை என்றால் தெருவிளக்குக் கம்பம் கோட்டையாகிறது. பூதம் என்றால் எதிரே வரும் எருமை பூதமாகிறது. நகராட்சிக் குழாயிலிருந்து அமிர்தம் கொட்டுகிறது. தம்பி அதிலெல்லாம் ஏறிக் குதித்து, விழுந்து, எழுந்து, "அப்புறம்?" என்கிறான். கதை நின்றுபோனால் கோட்டை மறைந்து வெறும் தெரு வந்துவிடும்.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். எருமைப் பூதத்திடம் தம்பி வணக்கம் வைத்த இடத்தில் கை தட்டினார்.

பின்னால் அறவாழிக்குக் காதுவரை சிரிப்பு. அந்தக் கடையை அவர் ஒரு செங்கல் விடாமல் கட்டியிருந்தார். சூடேறிய டிவியின் வாசம் மட்டும்தான் கணினிக்குள் வரவில்லை. சைக்கிள் டியூப் சுற்றிய ஜாய்ஸ்டிக், வாசலில் குவிந்து கிடக்கிற ரப்பர் செருப்புகள், மின்சாரம் போனால் மொத்தக் கடையும் போடுகிற "ஓ" சத்தம், எல்லாம் இருந்தது. அந்த "ஓ"வைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு நிமிடம் பதினோரு வயதாகிவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மூன்று வருடம் உழைத்தார் என்றுகூடச் சொல்லலாம்.

ஐந்தாவது கட்டம் முடிந்தது. திரையில் மழை பிடித்தது.

ஆறாவது கட்டம் தொடங்குவதற்குள், முக்காலியிலிருந்து ஒரு கை நீண்டு வந்து எஃப் எட்டு பட்டனை அமுக்கியது.

மழை போய்விட்டது. நேராக ஏழாவது கட்டம்.

இது தொழில் பழக்கம். விளையாட்டு முடியும்வரை, செய்கிறவர்கள் தங்களுக்கென்று ஒரு தாண்டு பட்டன் வைத்துக்கொள்வார்கள். பார்த்த இடத்தையே நூறு தடவை பார்க்காமல் தாண்டிப் போகலாம். வெளியிடும்போது எடுத்துவிடுவார்கள்.

"அந்த இடத்துல கொஞ்சம் இழுக்கும் டீச்சர்," என்றார் அறவாழி. "அதான்..."

பேசிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. போச்சு, காபிதான் என்று நினைத்தார்.

டீச்சர் காபி போட எழவில்லை.

"இந்தக் கட்டத்தை நீங்க எத்தனை தடவை விளையாடியிருக்கீங்க?"

"நான்தானே டீச்சர் செஞ்சேன்."

"செஞ்சதைக் கேக்கல."

அறவாழி தரையைப் பார்த்தார். "ஆபீஸ் பசங்க டெஸ்ட் பண்ணிட்டாங்க. ஒரு தப்பும் இல்லன்னாங்க."

டீச்சர் மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தார். அதன் முனையை எஃப் எட்டுக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். பட்டன் தெறித்து ஜன்னலோரம் விழுந்தது.

"அது என் கீபோர்டு டீச்சர்."

"தெரியும்."

எழுந்து, நாற்காலியை அவருக்குத் தள்ளிவிட்டு, முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வேறு வழியில்லை. அறவாழி உட்கார்ந்தார். ஆறாவது கட்டத்துக்குத் திரும்பினார்.

ஆஸ்பத்திரிக் கட்டில். ஜன்னலில் மழை. சிவப்புக் கம்பளிக்குள் தம்பி. பக்கத்தில் அண்ணன், நனைந்த சட்டையோடு.

"யண்ணே, இன்னிக்கு எத்தனாவது ஸ்டேஜ்?"

அறவாழி ஆறு என்று தேர்ந்தெடுத்தார். கம்பளியின் மடிப்பில் ஆறு ஓடியது.

"அப்புறம்?"

குதிரை. தலையணை மேல் குதிரை பாய்ந்தது.

"அப்புறம்?"

கப்பல். அரண்மனை. ஏழு தலை நாகம். தம்பியின் "அப்புறம்" வர நேரமாகிக்கொண்டே போனது. முதலில் இரண்டு நொடி. பிறகு ஐந்து. பிறகு பன்னிரண்டு.

பிறகு வரவில்லை.

அண்ணன் நிறுத்தினால்தான் கட்டம் முடியும். விதியை எழுதியவர் அறவாழிதான். சொல்லிக்கொண்டே இருக்கிறவரை ஆறும் குதிரையும் கட்டிலின் மேல் அப்படியே இருக்கும். நிறுத்தினால் வெறும் கம்பளி.

அறவாழி நிறுத்தவில்லை.

மலை என்றார். பாலம் என்றார். யானைப் படை என்றார். சொல்லக்கூடிய வார்த்தைகள் எல்லாம் தீர்ந்து, முதலில் இருந்து ஆரம்பித்தார். ஆறு. குதிரை. கப்பல். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை ஆனது. நான்கு ஆனது. டீச்சர் முக்காலியில் அசையாமல் இருந்தார்.

நான்கே முக்காலுக்கு அறவாழி பேசினார். நாற்காலியில் இருப்பவர் பேசலாம்.

"பொழிலன்னு பேரு டீச்சர். எங்க அப்பா தமிழ் வாத்தியார், எங்களுக்கு அப்படித்தான் பேரு வைப்பாரு. என்னைவிட நாலு வயசு சின்னவன்."

திரையில் குதிரை ஓடிக்கொண்டிருந்தது. அறவாழியின் விரல் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தது.

"கடையில போர்டு போட்டிருக்கும். பத்து வயசுக்கு உள்பட்ட சிறுவர்களுக்கு அனுமதி இல்லன்னு. குட்டிப் பிள்ளைங்க வயரைப் புடுங்கிருமாம். எனக்குப் பதினொண்ணு, அதனால ராஜா மாதிரி உள்ள போவேன். இவன் வெளிய நிப்பான். திரைக்கு அடியில தலையை விட்டுப் பாப்பான். வீட்டுக்கு வார வழியெல்லாம் எத்தனாவது ஸ்டேஜ், எத்தனாவது ஸ்டேஜ்னு உசுரை வாங்குவான். நான் ரெண்டாவது ஸ்டேஜைத் தாண்டினதே இல்ல டீச்சர். அளந்து விடுவேன். அம்புட்டையும் நம்புவான்."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒருநாள் கடைக்கார அண்ணாச்சியே மனசு எரங்கிட்டாரு. 'சின்னவனும் உள்ள வரட்டும்டே, பாவம் வெயில்ல நிக்கான்'ன்னாரு. நான்தான் சொன்னேன். 'அவனுக்கு ஏழுதான் ஆவுது அண்ணாச்சி'ன்னு."

"ஏன்?"

"அவன் உள்ள வந்தா என் டர்ன்ல பாதியை அவனுக்குக் குடுக்கணும்லா?"

அறவாழி குதிரையை இன்னொரு சுற்று ஓடவிட்டார்.

"உனக்குப் பத்து வயசு ஆவட்டும்லே, நானே கூட்டிட்டுப் போறேன்னு அவன்கிட்ட சொன்னேன். சரிண்ணேன்னான். கோவமே வராது அவனுக்கு. அந்த ஐப்பசி மழையில காய்ச்சல் வந்தது. மூளைக் காய்ச்சல்னாங்க. நாலே நாள்."

வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அறவாழி அதைக் கேட்கவில்லை.

"பன்னிரண்டுன்னு போட்டா அவன் மறுபடியும் வெளிய நிக்கணும் டீச்சர். நானே போர்டு எழுதி மாட்டின மாதிரி. சரி, அந்தக் கட்டத்தை எடுத்துட்டு ஏழுன்னு போட்டா உள்ள வந்துருவான். ஆனா அவன் போனதே இல்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். எங்க அம்மா இன்னும் அவன் சட்டையை மடிச்சு வெச்சிருக்காங்க. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

மணி நான்கு ஐம்பது.

"உங்க தம்பிக்கு இப்ப என்ன வயசு?" என்று கேட்டார் டீச்சர்.

"ஏழு."

பட்டென்று வந்தது பதில். டீச்சர் காத்திருந்தார். எல்.கே.ஜி. பிள்ளை தானே கூட்டிப் பார்க்கட்டும் என்று டீச்சர்கள் காத்திருப்பதுண்டு.

"எந்த வருஷம் பிறந்தார்?"

"எம்பத்தி மூணு. பங்குனி உத்திரத்தன்னிக்கு."

அறவாழி இடது கை விரல்களை மடக்கினார். ஒருமுறை மடக்கிவிட்டு, தப்பு என்பது போல் விரித்து, மறுபடியும் மடக்கினார். மூன்றாம் முறையும் அதே கணக்குதான் வந்தது.

"நாப்பத்தி ரெண்டு," என்றார். "தலை நரைச்சிருக்கும் டீச்சர். எங்க அப்பாவுக்கு அந்த வயசுல நரைச்சுட்டு."

அவரது வலது கை பட்டனிலிருந்து மெல்ல எழுந்தது.

குதிரை நின்றது. ஆறு மறைந்தது. கட்டிலில் கம்பளி மட்டும் இருந்தது. ஜன்னலில் மழை விட்டிருந்தது.

அறவாழி அழுதார். முப்பத்தைந்து வருடமாக வைத்திருந்த அழுகை, சின்னப் பையன் அழுவது போல் தேம்பித் தேம்பி வந்தது. டீச்சர் தடுக்கவில்லை. படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். இருபத்து நான்காவது கேள்விக்கு நேரே பேனாவை வைத்தார்.

"பன்னிரண்டுன்னு போட்டா," என்றார், "அவர் தாராளமா விளையாடலாமே சார்."