சத்தம் இல்லாத அம்மா

மலையடிவாரத்து மடத்தில் சாமியின் பாடங்களைக் கணினியில் பதிவு செய்வது சீடர் செண்பகராமனின் வேலை. சீடர் என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். பணி ஓய்வு பெற்ற பிறகு மடத்துக்கு வந்தவர், சாமியைவிட வயதில் மூத்தவர்.

சாமி இங்கிருந்து பேசுவார். வெளியூர்க்காரர்கள் திரையில் கேட்பார்கள். அந்தத் திரையைச் செண்பகராமன் அப்படியே பதிவு செய்வார். மைக்கில் விழும் சத்தம் மட்டும் பதிவாகும்படி வைத்திருந்தார். கணினிக்குள்ளிருந்து வரும் சத்தத்தையும் சேர்த்தால், யார் வீட்டு மிக்ஸியோ நாயோ பாடத்துக்குள் புகுந்துவிடும்.

அம்மாவின் காரியம் முடிந்து ஊரிலிருந்து திரும்பியவர், மடிக்கணினியோடு நேரே சாமியிடம் வந்தார்.

"ஆபரேஷனுக்கு முந்தின நாள் அம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து வீடியோவுல பேசினாங்க சாமி. அதைப் பதிவு பண்ணினேன்."

"நல்லது."

"அம்மா குரல் அதுல இல்லை. பாடத்துக்கு வச்சிருந்ததை மாத்தாம விட்டுட்டேன். ஹெட்போன் வேற போட்டிருந்தேன். என் குரல் மட்டும்தான் இருக்கு."



"அம்மா பேசினது உங்களுக்கு நினைவில்லையா?"

"கடைசியில ஏதோ கேட்டாங்க. 'கட்டாயம் செய்றேம்மா'ன்னு சொல்லியிருக்கேன். என்ன செய்றதாச் சொன்னேன்னு தெரியலை. வாக்கு குடுத்துட்டேன். அவங்களும் போயிட்டாங்க. பதிவாகாத குரலை எடுக்க முடியாதுன்னு கம்ப்யூட்டர் கடைக்காரங்க கையை விரிச்சுட்டாங்க. உதடு அசையறதைப் பார்த்து நீங்களாவது சொல்வீங்களோன்னு வந்தேன்."

சாமிக்கு அந்த வித்தை தெரியாது. ஆனாலும், "போடுங்க" என்றார்.

திரையில் அம்மா வந்தார். ஆஸ்பத்திரித் தலையணையில் சாய்ந்தபடி பேசிக்கொண்டே இருந்தார். சாமி கண்ணை மூடிக்கொண்டார். செண்பகராமனுக்குக் கோபம் வந்தது. உதட்டைப் பார்க்கச் சொன்னால் கண்ணை மூடுகிறாரே.

அறையில் அவருடைய குரல் மட்டும் கேட்டது. ம். அப்படியா. சரிம்மா. ம்.

"அது என்ன சத்தம்?" என்றார் சாமி.

"என் குரல்தான்."

"அதுக்கு அடியில. டக் டக்னு."

செண்பகராமன் சத்தத்தைக் கூட்டி முதலிலிருந்து ஓட்டினார். ஒரு 'ம்'முக்கும் அடுத்த 'ம்'முக்கும் நடுவே அது விடாமல் கேட்டது. அது என்னவென்று அவருக்குப் புரிந்தது.

"கீபோர்டு, சாமி."

"என்ன அடிச்சிட்டிருந்தீங்க?"

"உங்க பாடத்துக்குத் தலைப்பும் விளக்கமும். அன்னைக்குச் சாயங்காலமே போடணும்னு அவசரம். இதுதான் பதிவாகுதே, அப்புறம் நிதானமாக் கேட்டுக்கலாம்னு நினைச்சேன்."

சாமியின் முகம் வாடிவிட்டது. அவருடைய பாடம் அல்லவா. பிறகு அவரே கேட்டார்.

"அம்மாவுக்கு இது கேட்டிருக்குமா?"

"மைக்குக்குக் கேட்டிருக்கு. அவங்களுக்கும் கேட்டிருக்கும்."

செண்பகராமன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அம்மாவின் சிதை முன்னால்கூட அவர் இப்படி அழவில்லை. சாமி தடுக்கவில்லை. அழுகை ஓய்ந்ததும் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, கடைசிப் பகுதியை மட்டும் மறுபடி ஓட்டினார்.

அம்மா எதையோ கேட்கிறார். டக் டக். கட்டாயம் செய்றேம்மா. டக் டக். அம்மா பேச்சை நிறுத்திவிட்டு மகனையே பார்க்கிறார். அவர் முகம் மெல்ல மலர்கிறது.

சாமி படத்தை அங்கே நிறுத்தினார்.

"அந்த டக் டக்கைக் கேட்டும் சிரிக்கிறாங்க, பாருங்க."