அடுத்த கடைச் சாவி

வந்து உட்காருங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் துப்புவதற்கு யாராவது எழுந்து போனால் எனக்குக் கெட்ட கோபம் வரும், கதையை அப்படியே நிறுத்திவிடுவேன்.

ராஜாக்கள் தங்கள் ஊரைக் கால்நடையாகவே சுற்றிப் பார்த்த காலம் அது. செம்பாறைப்பட்டணம் என்ற நகரத்தை வல்லபராயன் ஆண்டுவந்தான். அந்த நகரத்தின் நட்டநடுவில், கோயிலுக்கும் அரண்மனைக்கும் இடையில், நீளமாக ஒரு தெரு. அதன் பெயர் நடுக்கடைவீதி. நாற்பது கடைகள். ஒரு காலத்தில் அங்கே எள் போட்டால் எள் விழாத கூட்டம்.

நான் சொல்லப்போகிற சமயத்திலோ, அங்கே ஒரு கழுதை படுத்திருந்தது. நடுத்தெருவில், பட்டப்பகலில், எழுப்புவார் இல்லாமல் படுத்திருந்தது. கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் எல்லாம் கோட்டைக்கு வெளியே இருந்த மரத்தடிச் சந்தைக்குப் போனார்கள். அங்கே வெயில், அங்கே புழுதி, அங்கே சாணி. இருந்தாலும் அங்கேதான் போனார்கள்.

ஏன் என்று வீதியில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எண்ணெய்க்கடை மாசிலாமணி, "காலம் கெட்டுப்போச்சு" என்றார். ஜவுளிக்கடை தாண்டவராயர், "ஜனங்க கெட்டுப்போயிட்டாங்க" என்றார். வெண்கலக்கடை சபாபதி, "இவங்க ரெண்டு பேரும்தான் கெட்டுப்போயிட்டாங்க" என்றார். வீதியில் பெரிய கடைக்காரர்கள் இந்த மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை கிடையாது.

ஒருநாள் ராஜா அந்தப் பக்கம் நடந்து வந்தான். கழுதை எழுந்திருக்கவில்லை. ராஜாவே சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இந்தத் தெரு எதுக்கு? இடிச்சுப் போட்டு யானைக் கொட்டாரம் கட்டுங்க. யானையாவது நடமாடட்டும்" என்றான் மந்திரியிடம்.

அதைக் கேட்டு ஒருத்தி ஓடி வந்தாள். அவள் ஆப்பக்கடை செங்கமலம். கையில் பிடித்திருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் வந்துவிட்டாள் பாவம்.

"மகாராஜா, இடிச்சுடாதீங்க. என் வீட்டுக்காரருக்கு அம்மை போட்டுக் கண்ணு போயிடுச்சு. வேற தெருவுக்குப் போனா யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிப்போகணும். இந்தத் தெருவில மட்டும்தான் அவர் தன்னந்தனியா நடப்பார். அடி எண்ணி வெச்சிருக்கார். கோயிலுக்கு எத்தனை அடி, கிணத்துக்கு எத்தனை அடின்னு எல்லாம் மனப்பாடம். இந்தத் தெருவை இடிச்சா அவருக்கு ரெண்டாவது தடவை கண்ணு போயிடும்."

ராஜா அவள் பின்னால் பார்த்தான். அடுப்போரம் ஒரு மனிதன் எழுந்து நின்றிருந்தான். அவன் பெயர் முத்துவீரன். ராஜா எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரியாமல், சும்மா கிடந்த ஒரு கல்லைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். ராஜா மந்திரியைக் கையமர்த்தினான்.

"சரி, ஒரு மண்டலம் தவணை தர்றேன்" என்றான். "நாற்பத்தெட்டு நாள் கழிச்சு ஏதோ ஒரு நாள் காலையில மாறுவேஷத்தில வருவேன். இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் நடப்பேன். கூட்டத்தில மூணு பேர் என் தோளில இடிக்கணும். மூணு இடி விழுந்தா தெரு இருக்கும். விழலேன்னா யானை வரும்."

அடடா, அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை! மாசிலாமணி தன் கடைக்கு முன்னால் வாழைமரம் கட்டினார். தாண்டவராயர் தன் கடைக்கு முன்னால் தம்பட்டம் அடிக்க ஆள் வைத்தார். சபாபதி தன் கடைக்கு முன்னால் குரங்காட்டியைக் கொண்டுவந்தார். ஜனங்கள் வந்தார்கள், வாழைமரத்தைப் பார்த்தார்கள், தம்பட்டம் கேட்டார்கள், குரங்கைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு மரத்தடிச் சந்தைக்குப் போய்விட்டார்கள். பத்து நாள் இப்படியே வீணாயிற்று.

செங்கமலத்துக்கு மாவு கரைக்கவே கை வரவில்லை. அப்போது முத்துவீரன் சொன்னான்:

"செங்கமலம், ஜனங்க வராம இல்ல. வந்துட்டுத் திரும்பிப் போறாங்க. நான் காலடிச் சத்தம் கேட்டுக்கிட்டேதானே இருக்கேன்? எண்ணெய் வாங்கின கால் ஜவுளிக்கடை வாசல்ல போய் நிக்குது. அங்கே பலகை சாத்தியிருக்கு. ஜவுளி வாங்கின கால் வெண்கலக்கடை வாசல்ல நிக்குது. அங்கேயும் சாத்தியிருக்கு. ஒரே நேரத்தில எல்லாக் கடையும் திறந்த சத்தத்தை நான் கேட்டதே இல்ல."

ஏன் தெரியுமா? அந்த வீதியில் இடைக்காலத்தில் ஒரு வழக்கம் புகுந்திருந்தது. ஆப்பக்கடை தவிர ஒவ்வொரு கடைக்காரருக்கும் சொந்தமாக ஒரு ஜோசியர். இன்றைக்கு உமக்கு இது நல்ல நேரம் என்று அவர் எந்த நேரத்தைச் சொல்கிறாரோ, அந்த நேரத்தில்தான் கடைப்பலகையை எடுப்பார்கள். ஒருவர் சூரியன் உதிக்கும்போது எடுப்பார், ஒருவர் உச்சிவேளையில் எடுப்பார், ஒருவர் மாடு திரும்பும் நேரத்தில் எடுப்பார். நல்ல நேரம் பார்த்துப் பார்த்தே கெட்டுப்போன தெரு அது! மரத்தடிச் சந்தையில் பலகையும் இல்லை, ஜோசியரும் இல்லை. போனால் எல்லாம் வாங்கிக்கொண்டு வரலாம்.

செங்கமலம் மூன்று கடைக்கும் ஓடினாள். "ஐயா, எல்லாரும் காலையிலயே திறங்க" என்று கெஞ்சினாள்.

"என் ஜாதகத்துக்கு ஒத்துவராது" என்றார் மாசிலாமணி. "என் ஜாதகத்துக்கு ஒத்துவராது" என்றார் தாண்டவராயர். சபாபதி என்ன சொன்னார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

அவள் வீட்டுக்கு வந்து அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவினாள். கழுவும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மறுநாள் மூன்று பேரையும் தனித்தனியாக ஆப்பம் சாப்பிட அழைத்தாள். மற்ற இருவரும் வருகிறார்கள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து முறைத்தார்கள். ஆனால் ஆப்பம் இலையில் விழுந்துவிட்டதால் எழுந்து போக முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன்" என்றாள் செங்கமலம். "கெட்ட நேரம் உங்களுக்கா, உங்க கடைப்பலகைக்கா?"

"எனக்குத்தான். பலகைக்கு ஏது ஜாதகம்?" என்றார் தாண்டவராயர்.

"அப்ப உங்களுக்குக் கெட்ட நேரமா இருக்கிற காலையில, நல்ல நேரமா இருக்கிற மாசிலாமணி ஐயா உங்க பலகையை எடுக்கட்டும். அவருக்குச் சரியில்லாத காலையில நீங்க எடுங்க. உங்க ரெண்டு பேருக்கும் சரியில்லாதப்போ சபாபதி ஐயா எடுக்கட்டும். மூணு பேருக்கும் ஒரே காலையில சரியில்லேன்னா நான் எடுக்கிறேன். எனக்கு ஜாதகமே எழுதல."

மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள். சரிதானே? எங்கேயும் இடிக்கவில்லையே? ஆனால் மறுகணமே தாண்டவராயர் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என் சாவி? என் பாட்டன் காலத்துச் சாவி. அதை இந்த மாசிலாமணி கையிலயா குடுக்கிறது?"

"குடுக்க வேண்டாம். பத்திரமா வெச்சிருந்து யானைகிட்ட குடுங்க" என்றாள் செங்கமலம். அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

அப்போது முத்துவீரன் மெதுவாகச் சொன்னான்: "ஐயாமாரே, இந்தத் தெருவைத் தாண்டிட்டா நான் முன்னபின்ன தெரியாதவங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் குழியில தள்ளல."

சபாபதி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மாசிலாமணியின் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். மாசிலாமணி தன் சாவியை எடுத்துத் தாண்டவராயரிடம் நீட்டினார். கடைசியில் தாண்டவராயரும் தன் சாவியை மாசிலாமணியிடம் கொடுத்தார். அந்த மூன்று பேரையும் கேலி பண்ணிக்கொண்டே வந்தேன் அல்லவா? இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை.

மறுநாளிலிருந்து சூரியன் உதிக்கும்போது மூன்று கடையும் திறந்தன. அதைப் பார்த்து மற்ற முப்பத்தேழு கடைகளும் அதே வழியில் திறந்தன. கோயில் நாயனக்காரர் தினமும் காலையில் வீதியில் நின்று ஒரு பாட்டு வாசித்துவிட்டுப் போனார். வண்டிக்காரர்கள் வீதிமுனையில் வண்டி நிறுத்த ஆரம்பித்தார்கள். தண்ணீர் சுமக்கிறவர்கள் புழுதி அடங்கத் தெளித்துவிட்டார்கள். ஜனங்கள் ஒருவர் இருவராகத் திரும்பி வந்தார்கள். கழுதை தானாக எழுந்து போயிற்று.

நாற்பத்தெட்டு நாள் முடிந்தது. ஒருநாள் காலை ராஜா உப்பு வியாபாரி வேஷத்தில் வந்தான். மந்திரிக்கும் அதே வேஷம். ஆனால் மந்திரி என்ன செய்தார் தெரியுமா? பழக்கதோஷத்தில் முன்னால் நடந்து, கையை வீசி வீசி, "விலகு, விலகு" என்று வழி பண்ணிக்கொண்டே போனார்! யார் வந்து இடிப்பார்கள்? பாதித் தெரு தாண்டிய பிறகுதான் ராஜாவுக்கு உறைத்தது. "மடையா, பின்னால வாய்யா!" என்று இழுத்துவிட்டான்.

உடனே ஒரு தயிர்க்காரி இடித்தாள். ஒன்று. சற்றுத் தள்ளி, ஜவுளி மூட்டை சுமந்து வந்தவன் இடித்தான். இரண்டு. அதற்குள் வீதிமுனை வந்துவிட்டது. கூட்டம் கலகலப்பாகத்தான் இருந்தது. ஆனால் இன்னும் பத்தே அடி, ஒன்பது அடி, எட்டு அடி. ராஜாவுக்கே வேண்டுமென்று மெதுவாக நடக்கலாமா என்று தோன்றிற்று. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே? அவன் நடந்தான்.

அப்போது கடையிலிருந்து ஒருவர் பாய்ந்து வந்து ராஜாவின் தோளில் இடித்தார். ராஜா தடுமாறிப் போனான். இடித்தவர் எண்ணெய்க்கடை மாசிலாமணி. அவருக்குப் பின்னால் எண்ணெய்ப் பாத்திரத்தோடு ஓர் அம்மாள்.

"யோவ், நடுவழியில நின்னா எப்படி? தள்ளுய்யா!" என்று அதட்டினார் மாசிலாமணி.

"கடையை விட்டுட்டு எங்கே ஓடறீங்க?" என்று கேட்டான் ராஜா.

"இந்தம்மாவுக்குக் குத்துவிளக்கு வேணுமாம். வெளியூர், கடை தெரியாது. சபாபதி கடையில கொண்டுபோய் விடப்போறேன்."

"அது உங்க கடை இல்லையே?"

"நல்லாக் கேட்டீரே! அவன் விளக்கு இருந்தாத்தானேய்யா என் எண்ணெய் எரியும்?" என்று சொல்லிவிட்டு மாசிலாமணி அந்த அம்மாளோடு விறுவிறுவென்று போய்விட்டார். யாரை இடித்தோம் என்று அவருக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. தெரிந்ததும் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தார்.

ராஜா ஆப்பக்கடை வாசலுக்கு வந்தான். தலைப்பாகையை எடுத்தான். "மூணு இடியும் விழுந்துடுச்சு தாயே. யானை வராது" என்றான். செங்கமலம் விக்கி விக்கி அழுதாள். முத்துவீரன் அவள் தோளைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டான். "அழாதே செங்கமலம், ஆப்பம் தீயுது" என்றான்.

சரி, இனி எழுந்து போகிறவர்கள் போகலாம். போகும்போது இதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்: தன் வாசலோடு நின்றுவிடாமல் அடுத்தவர் வாசலும் திறந்திருக்க வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிற ஊர்தான் தழைக்கும்.