வாசத்தை மண்ணில் ஒளித்த கோரை

அந்தக் காலத்தில், செடிகொடிகளெல்லாம் வாய்விட்டுப் பேசிய நாளில், கோரைக்கும் பூவென்று சொல்லிக்கொள்ள ஒரு பூ இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் இதழ், தேன், வாசம் எல்லாம் உண்டு. தண்டும் மூங்கில் குச்சிபோல உருண்டையாகத்தான் இருந்தது. கண்மாய்க் கரையோரம் அவள் நின்றால் அல்லிக்குக்கூட வயிற்றெரிச்சல்தான்.

அவள் மனசைப் பறிகொடுத்தது ஆடிக்காற்றிடம். போயும் போயும் ஓரிடத்தில் நிற்காதவனிடம்! மாதம் முழுக்க அவளோடு ஆடிக் களித்தவன், ஆவணி பிறந்ததும் கிளம்பினான்.

"வரேன் புள்ள" என்றான்.

நம் ஊரில் போகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். போகிறேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஓரடிகூட நகர்ந்தறியாத கோரைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வரேன் என்றால் இதோ வந்துவிடுவான் என்றே நினைத்துக்கொண்டாள், பாவம்.

அன்று சாயங்காலமே வழிபார்க்கத் தொடங்கினாள். பின்னால் கரை மறைத்தது. மீதி மூன்று திக்கையும் பார்க்க உடம்பைத் திருப்பித் திருப்பி, உருண்டைத் தண்டு முப்பட்டையாகிவிட்டது. தேனீக்களோ விடாமல் மொய்த்தன.

"கொஞ்சம் சும்மா இருங்களேன். அவரு வர்ற சத்தமே கேக்கல" என்று கெஞ்சினாள்.

"பூவ விரிச்சு வச்சுக்கிட்டு சும்மா இருங்கன்னா எப்படித் தாயி?" என்றது ஒரு தேனீ.

கோரை யோசித்தாள். பிறகு இதழ்களை ஒவ்வொன்றாக உதிர்த்தாள். தேனை வற்றவிட்டாள். வாசத்தை விட்டுவிட மட்டும் மனம் வரவில்லை, அது அவனுக்குப் பிடித்தது. தேனீக்கு எட்டாதபடி கீழே கிழங்குக்குள் இறக்கி ஒளித்துவைத்தாள்.

அல்லி பதறிப்போனது. "அடிப்பாவி! அவன் வந்தா எதவச்சுடி உன்ன அடையாளம் கண்டுக்குவான்?"

"என்னைத் தெரியாதா அவருக்கு?" என்றாள் கோரை.

அடுத்த ஆடியில் அவன் வந்தான். ஆசையாகத்தான் வந்தான், அதைச் சொல்லியாக வேண்டும். அவள்மேலேயே உரசிக்கொண்டு, "இங்கன மஞ்சப்பூக்காரி ஒருத்தி நின்னாளே, எங்க?" என்று கேட்டான்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். ஒரு வருஷத்து ஏக்கத்தில் பேச்சுக்கு முன்னால் உடம்பு முந்திக்கொண்டது. தலை மட்டும் ஆடியது. இதழ் உதிர்ந்தபின் மிஞ்சிய பழுப்புக் கதிரிலிருந்து மகரந்தம் அவன்மேல் கொட்டியது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. அவளைத் தேடி அடுத்த கண்மாய்க்குப் போய்விட்டான்.

அன்று முதல்தான் கோரை இதழும் தேனும் இல்லாமல் பூக்கிறது, அதன் வாசம் கிழங்கில் கிடக்கிறது. காற்றும் கோரைக்குக் கோரை நின்று அவளைத்தான் விசாரிக்கிறான், மேலெல்லாம் அவள் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு.