லேகியமும் தேங்காயெண்ணெய் டப்பியும்

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. பேரு தையல்நாயகி. அவளுக்கு ஒரு புருஷன், அவன் பாவம். ஏன் பாவம்னு போகப்போகத் தெரியும். "ம்" மட்டும் மெதுவா சொல்லு, பக்கத்து ரூம்ல உங்க பாட்டி முழிச்சிருக்கா.

அந்தத் தையல்நாயகிக்கு ஒரே பொண்ணு. கடல் தாண்டி வாக்கப்பட்டுப் போயிருந்தா. அங்க அவளுக்கு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. அப்போ அவ போன்ல அழுவுறா. "பால் பத்தலம்மா, புள்ள கத்திக்கிட்டே கெடக்கான், லேகியம் கிண்டிக் கொண்டா"ன்னு. அவ்ளோதான், இவ உருளியை அடுப்புல ஏத்திட்டா. சுக்கு, திப்பிலி, கருப்பட்டி, நெய்யி. கொதக் கொதக்குன்னு நாள் பூரா கிண்டி, பெரிய பாட்டில் ஒண்ணுல அடைச்சா.

அப்புறம் பெட்டி கட்டினாங்க. புருஷன் சொன்னான், "லேகியத்தைப் பெரிய பெட்டியில போடு. கைப்பையில தண்ணி, எண்ணெய், கொழகொழன்னு எதுவும் நூறு மில்லிக்கு மேல ஏரோப்ளேன்ல விடமாட்டான்."

"பெரிய பெட்டி தொலைஞ்சா? பொடவை தொலைஞ்சா தொலையட்டும். லேகியம் என் கையிலதான் இருக்கும்"னா அவ. கல்யாணத்துக்குப் போனாலே சீர்த்தட்டை மடியில வெச்சுக்கிட்டுத்தான் பஸ்ஸுல உக்காருவா, அப்பேர்ப்பட்டவ. அவனும் கரடியாக் கத்திப் பாத்தான். யாரு கேக்குறா? ம் சொல்லு.

அப்புறம் ஏர்போர்ட். பெரிய பெட்டி அதுபாட்டுக்குப் போயிருச்சு. கைப்பை கடகடகடன்னு மெஷினுக்குள்ள போயி, டக்குன்னு நின்னுச்சு. காவலுக்கு நின்ன பொண்ணு பையைத் தொறந்தா.

மொதல்ல நல்லெண்ணெய் வந்துச்சு, அரை லிட்டரு. "புள்ளைக்குத் தேச்சுக் குளிப்பாட்டம்மா"ன்னா இவ. "ஆகாதும்மா." குப்பைத்தொட்டியில டொப்.

ரெண்டாவது ஓமத்தண்ணி. "அடியில கொஞ்சூண்டுதானே இருக்கு"ன்னா. "எவ்ளோ இருக்குங்கறது கணக்கில்லம்மா, பாட்டில் எவ்ளோ பெருசுங்கறதுதான் கணக்கு." டொப். புருஷன் தலையில அடிச்சுக்கிட்டான்.

மூணாவதா லேகியம். "இது கெட்டி, தண்ணியில்ல"ன்னா. "கொழையறதெல்லாம் அந்தக் கணக்குதாம்மா."

அப்போ அவ சண்டை போடல. பாட்டிலைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா, கண்ணுல தண்ணி. "புள்ள பசியில கெடக்கான்மா." அந்தப் பொண்ணுக்கும் மனசு கேக்கல. "சின்ன டப்பி ஏதாவது இருந்தா, அதுல அடங்கறத எடுத்துட்டுப் போங்கம்மா"ன்னா.

தையல்நாயகி திரும்பி புருஷன் கையைப் பாத்தா. அவன் ஒழுங்கா, சட்டப்படி, இருக்குற நாலு முடிக்கு ஒரு குட்டி டப்பியில தேங்காயெண்ணெய் வெச்சிருந்தான். புடுங்கினா. களுக் களுக்குன்னு தொட்டியில கவுத்தா. முந்தானையால தொடச்சா. கட்டை விரலால லேகியத்தை அமுக்கி அமுக்கி அடைச்சா. மிச்சம் அம்புட்டும் டொப்.

"என் தலைக்கு?"ன்னான் அவன்.

"தலை எங்கயும் ஓடிராது, வாங்க"ன்னா.

ஏரோப்ளேன் பூரா அவன் பொலம்பினான். "பெரிய பெட்டியில போட்டிருந்தா முழுசும் வந்திருக்குமே, சொன்னேனே, கேட்டியா"ன்னு. அவனுக்கு வயித்தெரிச்சல், வாய் ஓயல. அவ டப்பியை மடியில வெச்சுக்கிட்டு வெளிய பாத்தா.

எறங்கினாங்க. பெட்டி வர்ற பட்டை கிர்ர்ர்னு சுத்துது. எல்லாரு பெட்டியும் வந்துச்சு, எல்லாரும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. பட்டை வெறுமனே சுத்துது. இவங்க பெட்டி வரல. அன்னிக்கும் வரல, மறுநாளும் வரல, வரவே இல்ல.

அவ டப்பியைத் தூக்கிக் காட்டிட்டு அவனை ஒரு பார்வை பாத்தா, அவ்ளோதான். பொண்டாட்டி திட்டினாக்கூடத் தாங்கிக்கலாம்டா. அப்புறம் ஊர் திரும்புற வரைக்கும் அவன் மாப்பிள்ளையோட கைலியிலதான் குடித்தனம்.

பொண்ணு லேகியத்தை வாயில வெச்சா. "என்னம்மா தேங்காயெண்ணெய் வாசம் அடிக்குது?"

"உங்கப்பா தலை வாசம். முழுங்குடி."

முழுங்கினா. பால் சுரந்துச்சு. புள்ள குடிச்சான் பாரு, சப் சப்னு, குடிச்சிட்டு அப்படியே தூங்கிட்டான். அந்தப் புருஷன் அன்னிலேருந்து பெட்டி கட்டுறப்ப வாயத் தொறக்குறதில்ல.

அன்னிக்கு அந்தத் தூக்கம் தூங்கின பய, இன்னிக்கு எட்டு வயசுல என் வழுக்கையத் தடவிக்கிட்டு முழிச்சுக் கெடக்கான். கைய எடுடா. லேகியமும் தீந்துச்சு, கதையும் தீந்துச்சு, கண்ண மூடு.