வாய் மட்டும் வரவில்லை

"எல்லாம் வந்துடுச்சு டீச்சர். வாய் மட்டும் வர மாட்டேங்குது."

மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று வயது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சர் ஜெசிந்தாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. குழந்தைகள் புத்தகங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைகிறவள். அவருக்கு வரையச் சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள்.

திரையில் ஒரு பெண்ணின் முகம். நெற்றி, கண், மூக்குத்தி எல்லாம் இருந்தன. மூக்குக்குக் கீழே வெறும் தோல் நிறம்.

"உங்க வீட்டம்மாதானே? போட்டோ பாத்து வரையலாமே சார்."

"கல்யாண போட்டோ மட்டும்தான் இருக்கு. அது இருபது வயசு. எனக்கு வேண்டியது கடைசியா இருந்த முகம். தை மாசம் வருஷ திதி. அதுக்குள்ள முடிச்சு மாட்டணும்."

"சரி. முதல்ல நீங்க பேனாவ..."

"தெரியும் டீச்சர். அழுத்திப் பிடிக்கக் கூடாது."

ஜெசிந்தா சொல்ல வந்தது அது இல்லை. ஆனால் தனக்குத் தெரியாதது என்று ஒன்று இருப்பதாக மாசிலாமணி இதுவரை கேள்விப்பட்டதில்லை.

"வரைங்க. பாக்கறேன்."

கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த டேப்லெட் பலகையின் மேல் பேனா நகர்ந்தது. திரையில் மேலுதடு வந்தது. கீழுதடு பாதி வருவதற்குள் அவருடைய இடது கை கீபோர்டில் இரண்டு கட்டைகளை அழுத்தியது. கோடு காணாமல் போனது.

மறுபடி வரைந்தார். மறுபடி அழுத்தினார்.

மூன்றாவது தடவையும் அப்படியே.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு மாசமா. மத்தியானம் சாப்பிட்டு உக்காந்தா விளக்கு வைக்கிற வரைக்கும் இதுதான். வேற என்ன வேலை? வீட்டுல பேச்சுச் சத்தமே இல்ல டீச்சர். ஃபேன் சத்தம்தான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிதர் ரொம்பத் தனியாக இருந்தார். அதை மட்டும் தெரியும் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

"அவங்க நல்லாப் பேசுவாங்களா?"

"எங்க? ஏதாவது ஆரம்பிப்பா. நான் தெரியும் தெரியும்னுடுவேன். அப்புறம் அவளும் விட்டுட்டா."

ஜெசிந்தா எழுந்தாள். கீபோர்டின் வயரைப் பிடுங்கி, அதைக் கொண்டுபோய் பீரோவின் மேல் வைத்தாள்.

"தப்பாப் போயிட்டா எப்படி அழிக்கிறது?" என்றார் மாசிலாமணி.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கீபோர்டு இல்லாமல் அழிக்க அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வரவில்லை.

மேலுதட்டை வரைந்தார். கீழுதட்டைத் தொடங்கினார். இடது கை தானாகப் போய் மேசையைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் கோட்டை முடித்தார்.

உதடுகள் இரண்டும் ஒட்டவில்லை. நடுவில் ஒரு சின்ன இடைவெளி.

"பாத்தீங்களா, கெட்டுப்போச்சு. வாய் திறந்துக்கிட்டுல்ல இருக்கு."

"ஏதோ சொல்ல வர்றாங்க சார். ஒவ்வொரு தடவையும் இந்த இடத்துலதான் நீங்க அழிச்சீங்க."

மாசிலாமணி திரையைப் பார்த்தார்.

பேனாவைக் கீழே வைத்தார். இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லு செண்பகம்" என்றார்.