கிண்டித் தண்ணீரும் குட்டி இளவரசரும்

நனைந்த பாயை உதறிக் கொடியில் போட்டாச்சு. இனி பிள்ளையோட அணைத்துணிதான். பிழிந்துகொண்டே சொல்கிறேன், கேளுங்க.

மருதங்காட்டு ராஜா வீரகேதுவுக்கு ஒரே பிள்ளை. இரண்டு வயசு. பிள்ளைக்கு ஒரு நாய்க்குட்டி, பேர் சிப்பி. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டுதான் ராஜா சபை நடத்துவார். ஒரு மாசமாக ஒரு கஷ்டம். ராஜா அரியணையில் உட்கார வேண்டியது, மடி நனைய வேண்டியது. முதலில் பிள்ளை. பின்னாலேயே நாய்க்குட்டி. தினம் ஒரு பட்டு வேட்டி போச்சு.

தளவாய் அரங்கண்ணனுக்கு உள்ளுக்குள் குஷி. செவிலி வேலையைத் தன் கொழுந்தியாளுக்கு வாங்கிவிடணும் என்று காத்திருந்த ஆள்.

"மகாராஜா, செவிலி வேலம்மைக்கு வயசாச்சு. பிள்ளையையும் பழக்கத் தெரியலை, நாயையும் பழக்கத் தெரியலை."

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைச் சபையில் ஒரு சொட்டு விழுந்தாலும் அவள் நாட்டை விட்டே போகட்டும்!"

ஒரே நாளில் எந்தப் பிள்ளை பழகும்? வேலம்மை அழுதுகொண்டே அரண்மனை விகடர் செங்கோடனிடம் ஓடினாள்.

"அழாதே ஆத்தா. நீ எப்படிப் பழக்கினே, அதைச் சொல்லு."

"எல்லாரும் பழக்குற மாதிரிதான் ஐயா. முற்றத்து ஓரமா உட்கார வச்சு, பக்கத்துல சொம்புத் தண்ணியை மெல்ல ஊத்துவேன். சத்தம் கேட்டதும் போயிடுவாரு. பார்த்துப் பார்த்து சிப்பியும் கத்துக்கிச்சு. அங்கே ஒரு நாள் தவறினதில்லை. சபைக்குப் போனாத்தான் மானத்தை வாங்குதுங்க!"

செங்கோடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போய்ச் சாப்பிட்டுத் தூங்கு ஆத்தா."

தளவாய் போன மாசம் ஒரு புது மரியாதை கொண்டுவந்திருந்தார். ராஜா உட்கார்ந்ததும் மூக்கு வைத்த தங்கக் கிண்டியில் தண்ணீர் வார்த்து அவர் பாதம் கழுவணும்.

மறுநாள் கிண்டிக்காரன் வரும்போதே செங்கோடன் குறுக்கே நின்றார். "கொஞ்சம் பொறு தம்பி. மகாராஜா, இன்றைக்குப் பிள்ளையும் குட்டியும் தளவாய் மடியில் இருக்கட்டும்."

"பேஷாக!" என்றார் தளவாய். மடியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு நாழிகை போனது. ஒரு சொட்டு இல்லை. சிப்பி கொட்டாவி விட்டது. தளவாய்க்கு முகம் தொங்கிவிட்டது.

"இப்போது பாதம் கழுவலாம்" என்றார் செங்கோடன்.

கிண்டியிலிருந்து சளசளவென்று தண்ணீர் விழுந்தது. அவ்வளவுதான்! தளவாயின் சரிகை வேட்டி நனைந்து ஒட்டிக்கொண்டது.

"ஐயையோ!" என்று துள்ளினார் தளவாய்.

"பார்த்தீர்களா மகாராஜா? செவிலி பழக்கியது இந்தச் சத்தத்துக்கு. சொன்னதைச் சொன்னபடி உடனே செய்பவர்கள் இந்தச் சபையில் இவர்கள் இரண்டு பேர்தான். தண்ணீர் இன்னும் வரட்டும், நன்றாக ஊற்று தம்பி!"

"நிறுத்து! நிறுத்து!" என்று கத்தியது ராஜா. கிரீடம் ஒரு பக்கம், வேட்டித் தலைப்பு ஒரு பக்கம். அரியணையை விட்டு எழுந்து கொல்லைப் பக்கம் ஓடினார்.

"மகாராஜா, எங்கே?"

"ஒரு மாசமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் ஐயா! என்னை வளர்த்ததும் இதே வேலம்மைதான்!"

திரும்பி வந்தவர் சிரி சிரி என்று சிரித்தார். கிண்டியை உருக்கி வேலம்மைக்கு வளையல் செய்யச் சொன்னார். செங்கோடனுக்கு என்ன கொடுத்தார் என்றால், ஒரு… இருங்க, அத்தை கூப்பிடறாங்க, குழாயில தண்ணி வந்திடுச்சாம், சளசளன்னு சத்தம் இங்கேயே கேக்குது, நானும் கொஞ்சம் கொல்லைப் பக்கம் போயிட்டு…